டயானா கையில் நான் கொடுத்த மைக்

புதிதாகச் சேர்ந்திருக்கும் கவுன்சிலர் பிள்ளைகளே,

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. "உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டிருந்தீர்கள். பதிவேடு எப்படி நிரப்புவது, எந்தப் படிவம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையெல்லாம் ஒரே வாரத்தில் யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் நன்றாகச் செய்த வேலைகளைப் பற்றி எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும், எனக்குத் தலைக்கனம் வரும். அதனால் நான் செய்த ஒரு பெரிய முட்டாள்தனத்தையும், அதை ஒரு பதினேழு வயதுப் பெண் எப்படிச் சரிசெய்தாள் என்பதையும் எழுதுகிறேன். இதில் யாரும் சாகவில்லை. தைரியமாகப் படியுங்கள்.

அவளுக்கு டயானா என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் இதைவிட அழகு, ஆனால் அது என்னோடு மண்ணுக்குள் போகும். டயானா மர்பி டவுன்காரி. பிறக்கும்போதே எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்தவள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அம்மா, மகள் இருவருமே எங்கள் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர்.டி. சென்டருக்கு வந்து, கிருமியை அடக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள். டயானாவுக்குப் பதினோரு வயதானபோது, இந்த மாத்திரை எதற்கு என்று அவளுக்கு எடுத்துச் சொன்னவள் நான்தான். "அப்போ எனக்கு ஒண்ணும் ஆவாதா மிஸ்?" என்று கேட்டாள். "தினம் சாப்பிட்டா நீ என்னைவிட நல்லா இருப்ப" என்றேன். "உங்களவிடன்னா அது ஈஸிதான்" என்று என் உடம்பை ஒரு தரம் பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் என் செல்லம். தொழிலில் செல்லம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உங்களுக்கு வகுப்பெடுத்திருப்பார்கள். எனக்கும் எடுத்தார்கள்.

நானும் மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள், நான் எந்த சென்டரில் வேலை பார்க்கிறேன் என்று தெருவுக்கே தெரியும். அதனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். தெருவில் பார்த்தால் அவள் யாரோ, நான் யாரோ. எங்கள் பக்கத்துத் தெருக்களில் கிரிக்கெட்டைவிட ஃபுட்பாலுக்குத்தான் மவுசு. டயானா பெண்கள் அணியில் கோல் கீப்பர். சாயங்காலம் நான் காய்கறிப் பையோடு கிரவுண்டைத் தாண்டிப் போகும்போது, கோல் கம்பத்துக்கு நடுவில் அவள் நின்று, தன்னைவிடப் பெரிய பெண்களையெல்லாம் அதட்டிக்கொண்டிருப்பாள். வருகிற பந்தை அவள் பிடிப்பதில்லை, அதன் மேல் பாய்வாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருக்கும். வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடுவேன்.

எங்கள் சென்டரில் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மாதாமாதம் வர வேண்டும். வரும்போது பழைய டப்பாவைக் கையோடு கொண்டுவர வேண்டும். முப்பது மாத்திரை கொடுத்திருப்போம், இருபத்தெட்டாம் நாள் வந்தால் இரண்டு மிச்சம் இருக்க வேண்டும். நான் தட்டில் கொட்டி எண்ணி, கார்டில் எழுதுவேன். பிள்ளைகள் இந்த எண்ணிக்கைக்குச் சொல்லும் கதைகள் இருக்கிறதே, அடேங்கப்பா! டப்பாவை ஆட்டோவில் விட்டவன், எலி தின்றது என்றவன், தம்பி புளிப்பு மிட்டாய் என்று நினைத்துவிட்டான் என்று சத்தியம் செய்தவள். டயானாவுக்கு எப்போதும் ஒன்றோ இரண்டோ மூன்றோ கூடுதலாக மிச்சம் இருக்கும். "ரெண்டு ஏன்டி ஜாஸ்தி இருக்கு?" என்று நானும் ஒவ்வொரு மாதமும் புருவத்தைத் தூக்குவேன். செல்லம் என்பதால் அதிகமாகவே தூக்குவேன்.

ஒரு மாதம் கணக்கு டாண் என்று வந்தது. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் வைப்போம். இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். பிரேசர் டவுன் பேக்கரியிலிருந்து பஃப்ஸ் வரும், பாட்டு விளையாட்டு எல்லாம் உண்டு. அந்த மாதம் நான் என் கைக்காசில் ஒரு சான்றிதழ் அச்சடித்தேன். தங்க நிற பார்டர், நடுவில் 'நூற்றுக்கு நூறு' என்று கொட்டை எழுத்து. டயானாவை முன்னால் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா? "ஒரு நாள் கூட விடாம மாத்திரை சாப்பிடறது எப்படின்னு எல்லாருக்கும் சொல்லு" என்று மைக்கையும் கொடுத்தேன்.

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "கூச்சப்படாத, பேசு" என்றேன். பேசினாள். "அலாரம் வெச்சுக்கங்க. தண்ணி பாட்டில் பக்கத்துலயே இருக்கட்டும். நான்... நான் விட்டதே இல்ல." எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெருமையோடு மூன்று பஃப்ஸ் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த இரண்டு மாதமும் கணக்கு அதேபோல டாண். மூன்றாவது முறை வந்தபோது அவளுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் மெஷின் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்திருக்கும். டயானாவுக்குப் பல வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இந்த முறை ஐந்து இலக்கத்தில் ஒரு எண் வந்தது.

எங்கள் டாக்டரம்மா இளம் வயது, நல்ல மனுஷி, ஆனால் வெளியே எப்போதும் எண்பது பேர் வரிசையில் நிற்பார்கள். ரிப்போர்ட்டையும் என் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மாத்திரை முழுசா போயிருக்கு, ஆனா கிருமி ஏறியிருக்கு. அப்போ மருந்து வேலை செய்யலன்னுதானே அர்த்தம்?" பொதுவாக மூன்று மாதம் கவனித்துவிட்டு இன்னொரு டெஸ்ட் எடுத்துத்தான் மருந்தை மாற்றுவது பற்றி யோசிப்போம். கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது காத்திருப்பது ஆபத்து என்று அவருக்குப் பட்டது. "ஒழுங்கா சாப்பிடறான்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கே மேல கமிட்டிக்கு அனுப்பிடறேன்" என்றார்.

மருந்தை மாற்றினால் ஒரு மாத்திரை போய்ப் பல மாத்திரை வரும். கமிட்டி, திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரி. டயானாவுக்கோ நாலே வாரத்தில் மாநில ஜூனியர் அணிக்கான கேம்ப். பத்து நாள் ஹாஸ்டலில் தங்க வேண்டும். அதற்காக அவள் ஒரு வருடமாக விழுந்து எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் உடம்புதானே முக்கியம் என்று பேனாவைத் திறந்தேன்.

"சைன் பண்ணாதீங்க மேடம்."

எங்கள் ஃபார்மசிஸ்ட். ஒக்கலிபுரத்துக்காரர், நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஏதோ பதிவேடு எடுக்க வந்தவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்?" என்றேன்.

"போன வருஷத்தப் பாருங்க. ரெண்டு மிச்சம், ஒண்ணு மிச்சம், மூணு மிச்சம். இந்த மூணு மாசம் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவுன மாதிரி இருக்கு. மனுஷன் கையில போன மாத்திரை ஒண்ணாவது சிங்க்ல விழும் மேடம். ஒரு நாளாவது சாப்பிட்டோமா இல்லையான்னு மறக்கும். முப்பது வருஷமா மாத்திரை குடுக்கறேன், இவ்ளோ சுத்தமா யாரும் சாப்பிட்டதில்ல. ஹௌதா, இல்லவா? ஆமாவா, இல்லையா?"

"என் பொண்ண சந்தேகப்படறீங்களா?" என்று எகிறினேன்.

"பொண்ண இல்ல மேடம், கணக்க" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபம் வந்தாலே பாதி விஷயம் உண்மை என்று இப்போது தெரியும். பேனாவை மூடிவிட்டு, "ஒரு நாள் டைம் குடுங்க டாக்டர்" என்று கேட்டேன். அவரும் கொடுத்தார்.

அந்த ஒரு நாளில் என்ன செய்வது? பல வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு பையனிடம் "பொய் சொல்றியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு போனவன் ஃபோன் நம்பரையே மாற்றிவிட்டான். அவன் திரும்ப வரவில்லை. இந்த வேலையில் ஒரு பிள்ளை மாத்திரையை விடுவதை நான் தாங்கிக்கொள்வேன், மறுபடி தொடங்கிவிடலாம். நம்மையே விட்டுப் போய்விட்டால் என்ன செய்ய முடியும்? டயானா உண்மையைச் சொல்லவும் வேண்டும், சொன்ன பிறகு அடுத்த மாதம் வரவும் வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, பிராக்டிஸ் முடிந்த கையோடு கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. ஆனால் வாய் மட்டும், "நான் கரெக்டாத்தான் மிஸ் சாப்பிடறேன். நீங்களே எண்ணுனீங்களே" என்றது.

நான் தயாரித்து வைத்திருந்த பேச்செல்லாம் பறந்துவிட்டது. ராத்திரி சரியாகத் தூங்காதது, காலையில் சாப்பிடாதது எல்லாம் சேர்ந்து தலை கிறுகிறுத்தது. "ஒரு நிமிஷம் இருடி" என்று கைப்பையைத் திறந்து என் பி.பி. மாத்திரையை எடுத்தேன். அட்டைகளும் கடை பில்லும் ரப்பர் பேண்டில் சுற்றியபடியே மேஜையில் விழுந்தன. தண்ணீர் குடித்து நிமிர்ந்து பார்த்தால், டயானா என் மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்! ஆறு வருடமாக என்னிடம் எண்ணப்பட்டவள் அல்லவா, பழக்கம்.

"மிஸ், இது ஒண்ணாந்தேதி வாங்குனது. பில்லுல முப்பதுன்னு போட்டிருக்கு."

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"இன்னிக்குப் பதினெட்டு. நேத்து வரைக்கும் பதினேழு போயிருக்கணும். பதிமூணுதான் இருக்கணும். நீங்க இப்ப போட்டதையும் சேத்தா இருபத்திரெண்டு வருது." என் குரலிலேயே, என் புருவத்தையே தூக்கிக்கொண்டு கேட்டாள்: "ஒம்போது ஏன் மிஸ் ஜாஸ்தி இருக்கு?"

பிள்ளைகளே, இருபத்தைந்து வருடம் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. எனக்கு நேராக வந்தபோது என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "எலி தின்னிருக்கும்" என்பதுதான். அவ்வளவு வெட்கமாக இருந்தது. ஊருக்குத்தானடி உபதேசம் என்று என் பெரியம்மா சொல்வது நினைவுக்கு வந்தது.

"விட்டுட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"ஒரு நாள் மறந்தேன். ஒண்ணும் ஆகல. ரெண்டு நாள் மறந்தேன், அப்பவும் ஒண்ணும் ஆகல. அப்புறம் நல்லாத்தானே இருக்கேன்னு விட்டுட்டேன்."

"வீட்டுல தெரியுமா?"

"மக ஃபோன் பண்ணிக் கேட்டா, சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன். இல்லன்னா ஒரு மணி நேரம் திட்டுவா."

"பொய்யா?" அவள் கண் விரிந்தது.

"பொய்தான்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். காலடியில் இருந்த கிட் பேக்கின் ஜிப்பைத் திறந்து, அடியிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு நீளமான ஃபுட்பால் சாக்ஸை எடுத்தாள். முடிச்சை அவிழ்த்து என் தட்டில் கவிழ்த்தாள். வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள் உருண்டன. ஒன்று மேஜைக்கு அடியில் ஓடியது.

"எழுவத்தொண்ணு மிஸ். எண்ண வோணாம். கரெக்டா இருக்கும்."

தினமும் ஒன்று எடுத்துச் சாக்ஸில் போட்டிருக்கிறாள். ஒரு நாள் கூடத் தவறாமல் தவறவிட்டிருக்கிறாள்! வேறு நேரமாக இருந்தால் அந்த ஒழுங்குக்கு இன்னொரு சான்றிதழ் கொடுத்திருப்பேன்.

கதை இப்படிப் போனது. மூன்று மாதத்துக்கு முன்னால் மைசூருக்கு ஒரு மேட்ச்சுக்குப் போயிருந்தாள், நாலு நாள். பிளாஸ்டிக் டப்பாவை அசைத்தால் மாத்திரைகள் கலகலவென்று சத்தம் போடும். பஸ்ஸில் பக்கத்துப் பெண், "இன்னாடி பையில கிலுகிலுப்ப?" என்று கேட்பாள் என்று பயந்து டப்பாவை வீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறாள். ராத்திரி ஒன்பது மணி அலாரத்தையும் நிறுத்திவிட்டாள். திரும்பி வந்தால் நாலு மாத்திரை மிச்சம். ரெண்டுக்கே புருவத்தைத் தூக்கும் மிஸ் நாலுக்கு என்ன செய்வாள்?

"அந்த நாலத்தான் ஃபர்ஸ்ட்டு சாக்ஸுல போட்டேன். ஆனா மனசு கேக்கல மிஸ். அன்னிக்கு சனிக்கெழம மீட்டிங்குக்கு உங்ககிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன்." காலிச் சாக்ஸைக் கையில் சுற்றிக்கொண்டாள். "நீங்க மைக்க குடுத்துட்டீங்க."

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, மேஜையில் தலையை வைத்து அழுதேன். அவள் பக்கத்தில் வந்து, "சும்னே இருங்க மிஸ், அழாதீங்க, பி.பி. ஏறிடும்" என்று என் முதுகைத் தட்டினாள்.

"அந்த நாலு நாள் வுட்டும் ஒண்ணும் ஆவல. சாப்பிடாமயே மூணு ரவுண்டு ஓடுறேன், நல்லாத்தானே கீறோம்னு அப்புறமும் வுட்டுட்டேன். நீங்க சொன்ன மாதிரியேதான்" என்றாள். நானும் அவளும் ஒரே தப்பை ஒரே காரணத்துக்காகச் செய்திருந்தோம். அதற்குப் பிறகு எங்களுக்குள் திட்டுவதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க மிஸ், செத்துருவாங்க" என்றாள். இங்கே கொஞ்சம் நின்று யோசித்தேன். நான் சொன்னால் அவளுக்கு நான் துரோகி. சொல்லாவிட்டால் வீட்டில் அந்தச் சாக்ஸ் மறுபடி நிறையும். "நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு. நான் உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றேன். ரொம்ப நேரம் ஷூ லேஸைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாள். பிறகு அவளே போய்க் கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

அம்மா தட்டில் கிடந்ததைப் பார்த்தார். மகள் சொன்னதைக் கேட்டார். கை ஓங்கியே விட்டார். நான் எழுந்தேன். ஓங்கிய கை இறங்கி, அவர் வாயையே பொத்திக்கொண்டது.

"போன வருசம் ஷிஃப்ட் மாத்துனாங்கல்ல," என்றார் மெதுவாக. "நானும் பன்னெண்டு நாள் வுட்டேன்டி. உனக்குத் தெரிஞ்சா நீயும் வுட்டுருவன்னு சொல்லல."

"ஏம்மா, நான் உங்க மாத்திரையும்தானே எண்ணுனேன்! சரியா இருந்துச்சே!" என்று கத்தினேன்.

"எண்ணுனீங்க மேடம்," என்றார் அந்த அம்மா பவ்யமாக. "பன்னெண்டையும் சாக்கடையில போட்டுட்டுத்தான் வந்தேன்."

முதலில் டயானாதான் 'புர்ர்' என்று சிரித்தாள். அப்புறம் அவள் அம்மா, அப்புறம் நான். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். எச்.ஐ.வி. சென்டரின் கவுன்சிலிங் ரூமில் மூன்று பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

டாக்டரம்மாவிடம் டயானாவே வந்து சொன்னாள். அவர் மேலே அனுப்பும் தாளை இரண்டாகக் கிழித்தார். "அதே மாத்திரைய இன்னிக்கே ஆரம்பி. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம். மருந்து மேல தப்பில்லன்னா கிருமி இறங்கிடும்" என்றார். கோச்சுக்குச் சொல்லியாக வேண்டுமா என்று அம்மா பயந்தபடி கேட்டார். வேண்டிய அவசியமே இல்லை, அது டயானாவின் சொந்த விஷயம் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

மிச்சம் இருந்தது கேம்ப். ஹாஸ்டலில் ஆறு பெண்களுக்கு ஒரு ரூம். ஒன்பது மணிக்கு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அரட்டை அடிக்கும்போது இவள் எப்படி மாத்திரை போடுவாள்? டப்பாவுக்குள் பஞ்சு வைத்தால் சத்தம் வராது என்று ஃபார்மசிஸ்ட் வைத்தே கொடுத்துவிட்டார். அலாரத்துக்கு என்ன செய்வது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒம்பது மணிக்கேதான் போடணுமா மிஸ்?" என்று கேட்டாள் டயானா.

பழைய மாத்திரை இருந்த காலத்தில் அது தலை சுற்றும், கனவு வரும் என்பதால் எல்லோருக்கும் படுக்கும் நேரமாகப் பார்த்து வைத்தோம். அந்த மாத்திரை போய்ப் புது மாத்திரை வந்து வருடங்கள் ஆகிவிட்டன. மாத்திரை மாறியது, நேரத்தை யாரும் மாற்றவில்லை. பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. ஃபார்மசிஸ்ட்டைப் பார்த்தேன். "எந்த நேரமும் போடலாம் மேடம், தினம் ஒரே நேரமா இருந்தா சரி. கேம்ப்ல கால்சியம் மாத்திர குடுப்பாங்க, அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போட்டுடணும்" என்றார். அன்றைக்கு அவருடைய ஒரு வாரத்து வார்த்தைகள் செலவாகிவிட்டன.

"அப்போ காலைல பல்லு வெளக்கும்போது போட்டுக்கறேன். அப்போ எவளும் எவளையும் பாக்கமாட்டா, பாத்ரூமுக்கு அடிச்சுக்குவாளுங்க" என்றாள் டயானா. நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு விடை இவ்வளவு சின்னது.

கேம்ப்புக்கு முன்னால் வந்த சனிக்கிழமைக் கூட்டத்தில் சான்றிதழ் கிடையாது என்று அறிவித்தேன். நானே எழுந்து, "போன மாசம் நான் விட்ட பி.பி. மாத்திரை ஒம்பது" என்றேன். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஒரு வாண்டு எழுந்து, "உங்க வீட்டுல எலி இருக்கா மிஸ்?" என்று கேட்டான். மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். யாரையும் பேசச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பின்வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்தபடியே, "எனக்கு அஞ்சு" என்றாள். "எனக்கு ரெண்டு" என்றது இன்னொரு குரல். "எழுவத்தொண்ணு!" என்று டயானா கையைத் தூக்கியபோது விசில் பறந்தது. அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் நான் கேட்ட அளவு உண்மையை அதற்கு முன் ஒரு வருடத்தில் கேட்டதில்லை. பஃப்ஸ் ஆறிப்போனது கூட ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் கிருமி பழையபடி மெஷின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. டாக்டரம்மா தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். கேம்ப்பிலும் அவளை இரண்டாவது கீப்பராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து கேக் வெட்டினோம். ஆனால் என் வேலைக்காலத்தில் மிகவும் சந்தோஷமான நாள் எது என்று நீங்கள் கேட்டால், அது கேக் வெட்டிய நாள் இல்லை. கேம்ப்பின் ஆறாம் நாள்.

காலை பத்தரை மணி. வெளியே வரிசை மாடிப்படி வரை நிற்கிறது. ஃபோன் அடித்தது. டயானா.

"மிஸ், ஒண்ணு விட்டுட்டேன்."

"எப்போ?"

"இன்னிக்குக் காலைல. ஆறு மணிக்குப் போடணும். லேட்டா எழுந்துட்டேன், கோச்சு கத்துனாரு, அப்படியே ஓடிட்டேன். இப்பதான் பிரேக்ல ஞாபகம் வந்துச்சு, டப்பா கிட் பேக்லயேதான் கீது. இப்ப போடலாமா, இல்ல நாளைக்கு ரெண்டா போடணுமா?"

எழுபத்தொரு மாத்திரையைச் சாக்ஸில் ஒளித்த பெண், ஒரே ஒரு மாத்திரை நாலரை மணி நேரம் தாமதமானதற்கு கேம்ப்பிலிருந்து கூப்பிட்டு என்னிடம் சொல்லுகிறாள்.

"மிஸ்? கோவமா?"

"இல்லடி தங்கம். ரெண்டெல்லாம் வேணாம். இப்பவே ஒண்ணு போடு. நாளைக்குப் பழையபடி ஆறு மணிக்கு."

தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "போட்டேன். கார்டுல எழுதிக்கங்க, லேட்டு ஒண்ணுன்னு." தூரத்தில் விசில் ஊதியது. "ஐயோ, கூப்புடறாங்க மிஸ்!" என்றவள் ஃபோனைக் கட் பண்ண மறந்து எங்கேயோ வைத்துவிட்டு ஓடினாள்.

நானும் கட் பண்ணவில்லை. கார்டை எடுத்து 'தாமதம் - ஒன்று, தானே சொன்னாள்' என்று எழுதினேன். பிறகு ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பந்து உதைபடும் சத்தம், யாரோ ஓடும் சத்தம், அதற்கெல்லாம் மேலே அவள் குரல்: "லெஃப்ட்ல பாருடி! லெஃப்ட்ல! வுடாத, வுடாத, நான் கீறேன்!" எங்கள் தெருவில் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போன குரலை, அன்றைக்குத்தான் முதல் முறையாக நின்று கேட்டேன்.

கதவைத் தட்டினார்கள். "மேடம், எவ்ளோ நேரம்?" என்று கோபித்துக்கொண்டார்கள். "அஞ்சு நிமிஷம்" என்று கையைக் காட்டிவிட்டு, அவள் அந்தப் பந்தைப் பிடித்துவிட்டாள் என்று தெரியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.